கோன் செட், செயின் செட், டிஸ்க் பேட்: ஏரியா கடையில வாங்கறதா, ஆன்லைன்ல போடறதா?

தண்டையார்பேட்டை_150

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2016 பல்சர் 150. தினமும் எண்ணூர் ஹைரோடு வழியா வேலைக்குப் போய் வர்றேன். கன்டெய்னர் லாரி ஓடற அந்த ரோடு எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்ப மூணு வேலை சேர்ந்து வந்திருக்கு. செயின் ஸ்ப்ராக்கெட் தேய்ஞ்சு போச்சு, முன் டிஸ்க் பேட் முடியப் போகுது, கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பற கழுத்துல இருக்கற கப்பும் பால்ஸும்) போச்சு. பிரேக் பிடிச்சா ஹேண்டில்ல 'டக்'னு ஒரு தட்டு தட்டுது.

டி.எச். ரோட்டுல (திருவொற்றியூர் ஹைரோடு) ஒரு கடையில மூணுக்கும் விலை கேட்டேன். அதையே ஆன்லைன்ல பார்த்தா மொத்தமா 600 ரூபாய் கம்மி. படத்துல அதே டப்பா, அதே லோகோ. ஆனா என் மெக்கானிக், "ஆன்லைன்ல வாங்கினா நான் மாட்ட மாட்டேன், கடையிலதான் வாங்கணும்"னு சொல்லிட்டார். அவர் சொல்றதுல விஷயம் இருக்கா, இல்ல கடைக்கும் அவருக்கும் உள்ள கணக்கா? 600 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மணலி_மெக்கானிக்

தம்பி, நான் மணலியில ஷெட் வச்சிருக்கேன். உன் மெக்கானிக் சார்பா நான் சொல்றேன்.

கணக்கு இருக்கு. கடையில எங்களுக்குத் தள்ளுபடி விலை, கஸ்டமர்கிட்ட எம்ஆர்பி. நடுவுல நிக்கறதுலதான் ஷெட் வாடகை போகுது, பையனுக்குக் கூலி போகுது. லேபரை மட்டும் நம்பி எந்த ஷெட்டும் நடக்காது. இதுல மறைக்க ஒண்ணுமில்லை. ஆனா மாட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு இது மட்டும் காரணம் இல்ல.

கோன் செட்டையே எடுத்துக்கோ. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு முன் சக்கரத்தை அந்தரத்துல நிறுத்து. ஹேண்டிலை ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இடமும் வலமும் திருப்பு. நேர் பொசிஷன் வந்ததும் லேசா பிடிச்சு நின்னு, அப்புறம் விட்டுச்சுன்னா, கப்புல பால்ஸ் குழி போட்டுடுச்சுன்னு அர்த்தம். அதை மாத்தணும்னா சக்கரம் கழட்டணும், ஃபோர்க்கை இறக்கணும், பழைய கப்பை உள்ளேயிருந்து தட்டி எடுக்கணும், புதுக் கப்பைக் கோணாம நேரா இறக்கணும். கிரீஸ் வச்சு பால்ஸ் அடுக்கி, ரொம்ப இறுக்காமலும் லூசா விடாமலும் டைட் வைக்கணும். அரை நாள் ஓடிடும்.

பொருள் மட்டமா இருந்தா இரும்பு சரியா ஹார்டனிங் ஆகியிருக்காது. நீ போற ரோட்டுக்கு ரெண்டே மாசத்துல திரும்பக் குழி விழும். அப்ப யாரைத் தேடி வருவே? டப்பா அனுப்பினவனையா? என் ஷெட்டுக்குத்தான் வருவே. திரும்பவும் அரை நாள் வேலை, லேபர் கேட்டா மனஸ்தாபம். அதே பொருள் நம்ம கடையில வாங்கினதா இருந்தா, கழட்டின கப்பைக் கொண்டுபோய் கவுண்டர்ல வைப்பேன். குழியைப் பார்த்தாலே அவனுக்குப் புரியும். மாத்திக் கொடுப்பான், அவன் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட மாத்திக்குவான். மாட்டின பொருளுக்கு யார் பொறுப்புங்கறதுதான் என் கேள்வி. விலை எல்லாம் அப்புறம்.

கொடுங்கையூர்_ஜூபிடர்

மெக்கானிக் அண்ணா சொல்ற பொறுப்பு எல்லாருக்கும் கிடைக்குதான்னு நான் கேக்கறேன்.

என் ஸ்கூட்டருக்கு டிரைவ் பெல்ட் மாத்தற கிலோமீட்டர் வந்துச்சு. மூலக்கடை பக்கம் ஒரு கடைக்கு நானே போனேன். வண்டி பேர், வருஷம், பிஎஸ்6 (புகை விதி) வண்டின்னு எல்லாம் சொன்னேன். கவுண்டர்ல இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கல. எனக்குப் பின்னாடி வந்த ரெண்டு மெக்கானிக்குக்குப் பொருள் எடுத்துக் கொடுத்துட்டு, "மெக்கானிக்கைப் பேசச் சொல்லுங்கம்மா, இல்ல வீட்ல ஆம்பளைங்க யாரையாவது அனுப்புங்க"ன்னார். இன்னொரு கடையில பெல்ட் கொடுத்தாங்க, பில் கேட்டதும் "பில் போட்டா விலை ஏறும்"னாங்க. பாக்கெட்ல மாசமும் இல்ல, வருஷமும் இல்ல. வேணாம்னு வச்சுட்டு வந்துட்டேன்.

சர்வீஸ்ல கழட்டின பழைய பெல்ட்டுல பார்ட் நம்பர் அச்சடிச்சிருந்துச்சு. அதைப் படம் எடுத்து, வண்டிக் கம்பெனியோட சொந்த ஆன்லைன் பக்கத்துலயே அந்த நம்பரைப் போட்டுத் தேடினேன். பெல்ட் வந்துச்சு, ஜிஎஸ்டி பில் வந்துச்சு, பேக்கிங்ல எம்ஆர்பியும் தேதியும் இருந்துச்சு. என்னை யாரும் திருப்பி அனுப்பல. கவுண்டர்ல பழைய கப்பை வச்சா மாத்திக் கொடுப்பாங்கன்னு சொல்றீங்க. உங்களுக்கு மாத்திக் கொடுப்பாங்க. எனக்கு?

ராயபுரம்_ரைடர்

நான் டெலிவரி ஓட்டறேன். காசிமேட்டுலேர்ந்து பாரிமுனை வரைக்கும் நம்ம ஏரியாதான். வண்டி நின்னா அன்னிக்குக் கூலி கிடையாது. மதியம் கிளட்ச் கேபிள் அறுந்தா, "மூணு நாள்ல வந்துடும்"னு போன்ல காட்டறது எனக்கு எந்த விதத்துல உதவும்? கடையிருந்தா அரை மணி நேரத்துல கேபிள் மாட்டிட்டு சாயங்கால ஆர்டர் பிடிப்பேன்.

ஆனா நான் ஆன்லைன்ல வாங்கறதே இல்லன்னும் சொல்ல மாட்டேன். எது எப்ப தேயும்னு இந்தத் தொழில்ல எங்களுக்குத் தெரியும். பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் ஆஃபர் வர்ற நேரத்துல முன்கூட்டியே வாங்கி வீட்ல வச்சுடுவேன். கிளட்ச் கேபிள் ஒண்ணு எப்பவும் சீட்டுக்கு அடியில இருக்கும். பொருள் வந்த அன்னிக்கே பிரிச்சுப் பார்த்து, பழையதோட பக்கத்துல வச்சு நீளம், முனை, நட்டு எல்லாம் ஒத்துப் பார்த்துக்குவேன். ஒத்துவரலன்னா ரிட்டர்ன் தேதிக்குள்ள திருப்பி அனுப்பிடலாம். தேவை வந்த அப்புறம் ஆர்டர் போட்டு, வந்ததும் அவசரத்துல மாட்டிட்டு, மாட்டின பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டேங்கறான்னு புலம்பறவங்களைத்தான் நிறைய பார்க்கறேன்.

தண்டையார்பேட்டை ப்ரோவுக்கு ஒண்ணு. கடல் காத்து அடிக்கற பக்கம் ஓட்டறதா இருந்தா செயினை எங்க வாங்கினாலும் சரி, துடைச்சு லூப்ரிகன்ட் அடிக்காம விட்டா ஆயுசு பாதிதான். காசிமேடு ஹார்பர் ஓரமா ராத்திரி வண்டி நிறுத்தறவங்க செயினைப் பாருங்க, லிங்க் லிங்க்கா சிவப்பேறிக் கிடக்கும்.

டிஎச்ரோடு_கவுண்டர்

நான் ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டர்ல நிக்கறவன். கொடுங்கையூர் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல.

அக்கா, "ஆம்பளைங்களை அனுப்புங்க"ன்னு சொன்னது தப்பு. அதுல ரெண்டு பேச்சே இல்ல. கவுண்டர்ல யார் வந்தாலும் ஏன் திரும்பத் திரும்பக் கேள்வி கேக்கறோம்னு மட்டும் சொல்லிடறேன். ஒரே பேர்ல ஓடற வண்டியிலேயே 110 மில்லிமீட்டர் பிரேக் ட்ரம் வச்சதும் இருக்கு, 130 வச்சதும் இருக்கு. 2019 ஏப்ரல்ல 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு சிபிஎஸ் (ரெண்டு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கறது), அதுக்கு மேல ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகாம தடுக்கறது)னு கட்டாயமானப்ப பிரேக் பொருள் நிறைய மாறிடுச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்து கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துச்சு. சென்சார், கப்ளர் (வயரைச் சேர்க்கற பிளக்), ஏர் ஃபில்டர் வரைக்கும் வேற. "ஸ்ப்ளெண்டருக்கு பிரேக் ஷூ"ன்னு கேட்டா எங்களுக்குப் பத்தாது. பழைய பொருளைக் கையில கொண்டு வந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். இல்லன்னா ஆர்சியில இருக்கற சேசிஸ் நம்பர். ஆன்லைன்ல தப்பான பொருள் போறதும் பெரும்பாலும் இதனாலதான். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு எழுதியிருப்பான், வாங்கறவங்க நம்பிடுவாங்க.

விலை ஏன் கூடன்னா, 600 ரூபாயும் எங்க பாக்கெட்டுக்குப் போறது இல்ல. கம்பெனி ஜென்யூன் பார்ட்டுல எங்களுக்கு மார்ஜின் கம்மி. அதுலயே மெக்கானிக்குக்கும் விட்டுக் கொடுக்கணும். பொருளை வாங்கி ரேக்குல அடுக்கி, ஓடாத பொருளையும் வருஷக்கணக்குல வச்சுக் காக்கணும். ஆன்லைன் வியாபாரிக்கு எங்கயோ ஒரு குடோன் போதும்.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து வண்டி பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. ரேக்குல பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரோட டப்பா இருந்தாலும் இருக்கும். எங்க வாங்கினாலும் "புது விலை என்ன"ன்னு கேட்டு வாங்குங்க. கேக்கறது உங்க உரிமை.

கொடுங்கையூர்_ஜூபிடர்

தம்பி, தப்புன்னு நேரா சொன்னதுக்கு நன்றி. ஆனா நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் அன்னிக்கே சொன்னேன். வண்டி பேர், வருஷம், பிஎஸ்6. பழைய பொருளைக் கொண்டு வான்னு சொல்லியிருந்தா கொண்டு வந்திருப்பேன். சேசிஸ் நம்பர் கேட்டிருந்தா போன்ல ஆர்சி இருக்கு, காட்டியிருப்பேன். ஒரு கேள்விகூடக் கேக்கல, அதுதான் என் குறை.

எங்க தெருவுல மட்டும் ஸ்கூட்டர் ஓட்டற பொம்பளைங்க நிறைய பேர் இருக்கோம். மாதவரத்துல ஸ்கூல், பெரம்பூர்ல ஆஸ்பத்திரி வேலைன்னு காலையில கிளம்பறோம். வண்டியை நாங்கதான் ஓட்டறோம், ஈஎம்ஐ நாங்கதான் கட்டறோம். பொருள் வாங்க மட்டும் வேற ஆள் வரணுமா? ஆன்லைன்ல போறாங்க, வியாபாரம் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரங்க சொல்றப்ப, கவுண்டர்ல நின்னு திரும்பிப் போனவங்களையும் சேர்த்து எண்ணணும்.

மணலி_மெக்கானிக்

சிஸ்டர் சொல்றது நியாயம். ரெகுலரா வர்றவனுக்கு ஒரு மரியாதை, புதுசா வர்றவங்களுக்கு ஒரு மரியாதைன்னு கடையில நடக்குது. ஆம்பளைப் பசங்களையும் காக்க வைப்பாங்க, ஆனா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. என்கிட்ட வர்ற கஸ்டமர் யாரா இருந்தாலும், மாத்த வேண்டிய பார்ட் நம்பரைச் சீட்டுல எழுதிக் கொடுக்கறேன். அதை வச்சு எங்க வேணா வாங்கட்டும்.

அதுக்காக டூப்ளிகேட் விஷயத்தை லேசா விட முடியாது. ஆன்லைன்ல கம்பெனியோட சொந்தப் பக்கம் வேற, எல்லாரும் கடை போடற பெரிய தளம் வேற. ரெண்டாவதுல, பொருள் பக்கத்துலயே "விற்பவர்"னு ஒரு பேர் இருக்கும். அதைப் பார்க்காம வாங்கறவங்கதான் மாட்டிக்கறாங்க.

போன மழைக்கு முன்னாடி ஒருத்தர் ஆன்லைன்ல வாங்கின டிஸ்க் பேடைக் கொண்டு வந்தார். டப்பா பார்க்க அசல்தான். பேடைக் கையில எடுத்தேன், பின் தகட்டுல எழுத்துப் பொறிப்பு இல்ல, வெறும் பெயிண்ட். பேட் மெட்டீரியலும் தகடும் ஒட்டற விளிம்புல நகத்தை வச்சா உள்ளே போகுது. சூடாகி, தண்ணியில இறங்கி, திரும்பச் சூடானா அந்த ஒட்டு விட்டுடும். மின்ட் (தங்கசாலை) பக்கம் பஸ்ஸுக்குப் பின்னாடி பிரேக் பிடிக்கறப்ப அது விட்டா என்ன ஆகும்? மாட்டவே மாட்டேன்னு கையில கொடுத்துட்டேன். அவர் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் பரவாயில்ல.

டூப்ளிகேட் கடையிலயும் விக்கறாங்க, அதையும் சொல்லிடறேன். கம்பெனி ஆயில் காலி டப்பாவை விலைக்கு வாங்கிட்டுப் போறவன் எதுக்கு வாங்கறான்னு யோசிங்க. என் ஷெட்டுல ஆயில் ஊத்தின உடனே ஸ்க்ரூ டிரைவரால டப்பாவுல ஓட்டை போட்டுதான் வெளியே போடுவேன். நீங்களும் உங்க கண் முன்னாடி சீல் உடைச்சு ஊத்தச் சொல்லுங்க, டப்பாவை ஓட்டை போடச் சொல்லுங்க. எந்த ஷெட்டா இருந்தாலும் கேக்கலாம், தப்பே இல்ல.

திருவொற்றியூர்_புல்லட்

பெரியவன் ஒருவன் நடுவில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை இருந்த தெருவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், அங்கேயே வேலைக்கும் போனவன். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்தன, இங்கே பூட்டினோம். பிறகு பாகங்களையே இங்கே செய்தோம். 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி ஆனது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், திருவொற்றியூரிலேயே எம்ஆர்எஃப், எண்ணூரில் அசோக் லேலண்ட். நாடு முழுக்க ஓடிய வண்டிகளுக்கு இந்தப் பகுதியின் கைகள் பாகம் செய்து கொடுத்திருக்கின்றன. அந்த ஊரில் ஒரு நல்ல பாகம் கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

என்னிடம் இன்னும் பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் இருக்கிறது, வலப்பக்க கியர். அதற்குப் பக்கத்துக் கடையில் எதுவும் கிடைக்காது. ஜி.பி. ரோட்டில் சில பழைய கடைகளில் கேட்டால் பரணிலிருந்து இறக்கிக் கொடுப்பார்கள். அங்கும் இல்லாததை இப்போது ஆன்லைனில்தான் வாங்குகிறேன். பஞ்சாபிலும் டெல்லியிலும் இன்னும் அந்தப் பாகங்களைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் போன்றவர்களுக்கு ஆன்லைன் பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் வாங்கும் முன் விற்பவரோடு பேசிவிடுவேன். பிஸ்டன் என்றால் ஓவர்சைஸ் (அசல் அளவைவிடக் கூடுதல்) எவ்வளவு, ரிங் யாருடையது என்று கேட்பேன். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதில்லை. பொருள் வந்ததும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் சிலிண்டரை அந்த அளவுக்குக் கடைந்து போர் போடச் சொல்வேன். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு போர் போடுவதுதான் முறை. போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடினால் வம்பு.

ஓட்டேரி_ஆர்எக்ஸ்

ஐயா சொன்னதுக்கு ஒரு சல்யூட். பழைய வண்டி வச்சிருக்கற எங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கே, யாரும் சொல்லலையே? டேங்க், மட்கார்ட், சைடு பேனல், டூம் (ஹெட்லைட் மூடி) எல்லாம் அங்க அசல் கம்பெனிப் பொருளே பழசுல கிடைக்குது. டென்ட் எடுத்துப் பெயிண்ட் அடிச்சா புது டூப்ளிகேட்டைவிட நிக்கும்.

திருவொற்றியூர்_புல்லட்

தகடு சம்பந்தப்பட்டதற்குப் போகலாம் தம்பி. பிரேக், செயின், பேரிங், டயர் போன்றவற்றைப் பழசாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. எஞ்சின், சேசிஸ் பக்கம் கை வைத்தால் நம்பர் அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் வாங்கியவர் மீதும் வழக்கு வரும்.

பெரம்பூர்_லோகோ

சட்டம்னு பேச்சு வந்ததால சொல்றேன். ஆன்லைன்ல யாரும் பொறுப்பில்லன்னு மெக்கானிக் அண்ணா சொல்றதை நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2020ல மின்வணிக விதிகள் வந்தாச்சு. விற்பவர் யார், முகவரி என்ன, பொருள் எந்த நாட்டுது, ரிட்டர்ன் விதி என்னன்னு தளம் காட்டணும். குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள புகார் வந்து சேர்ந்ததைச் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். பொருள் பழுதா இருந்தாலோ, போலியா இருந்தாலோ, சொன்னதுக்கு மாறா இருந்தாலோ விற்பவர் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. அப்பவும் நடக்கலன்னா 1915க்குப் போன் போடலாம். பொருள் எந்த ஊர்லேர்ந்து வந்திருந்தாலும், நாம குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

ஆனா கையில காகிதம் வேணும். கடையிலயும் அதேதான். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையில 200 ரூபாயோ அதுக்கு மேலயோ வாங்கினா பில் கொடுத்தே ஆகணும், 200க்குக் கீழன்னாலும் கேட்டா கொடுக்கணும். "பில் போட்டா விலை ஏறும்"னு கொடுங்கையூர் மேடம்கிட்ட சொன்னாங்களே, எம்ஆர்பின்னாலே வரி உள்பட்ட விலை. அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட ஏத்த முடியாது. பில் இல்லாம 50 ரூபாய் மிச்சம் பிடிச்சா, நாளைக்குப் பொருள் போச்சுன்னா கேக்கறதுக்கு வாயில்ல.

ஆன்லைன்ல வாங்கறவங்க பார்சலைப் பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க. லேபிள்ல தொடங்கி பொருள் வெளியே வர்ற வரைக்கும் வெட்டாம ஒரே வீடியோவா இருக்கணும்.

மணலி_மெக்கானிக்

லோகோ சார், சட்டம் சரிதான். ஆனா ஒரு மாசத்துல தீர்ப்பாங்கன்னா, அந்த ஒரு மாசம் வண்டி எங்க நிக்கும்? என் ஷெட்டு வாசல்ல, கோன் செட் இல்லாம, ஃபோர்க் இறக்கின நிலையில.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நம்ம பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். மணலியில வண்டிங்க சீட்டு மட்டத்துக்குத் தண்ணியில நின்னுச்சு, போதாததுக்கு எண்ணூர் பக்கம் எண்ணெய்ப் படலம் வேற. தண்ணி வடிஞ்ச அன்னிக்கே தள்ளிட்டு வந்தாங்க. எல்லா வண்டிக்கும் ஆயில் வடிக்கணும், ஏர் ஃபில்டர் மாத்தணும், பிளக் மாத்தணும், கப்ளர் கப்ளரா கழட்டிக் காய வைக்கணும், சக்கர பேரிங் பார்க்கணும். கூரியர் எதுவும் உள்ளே வரல. கடைக்காரர் ஒருத்தர் தன் கடைக்குள்ள புகுந்த சேத்தை வாரிப் போட்டுட்டு, மேல் ரேக்குல நனையாம இருந்த பொருளையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தார். பணம் அப்புறம் கொடுங்கன்னார். எழுதிக்கூட வைக்கல. அப்படிப்பட்ட கடை ஏரியாவுல இருக்கணும்னா, மத்த நாள்லயும் நாம அங்க வாங்கினாதான் இருக்கும்.

ராயபுரம்_ரைடர்

இது நூத்துக்கு நூறு. அந்த வாரம் எனக்கும் பேரிங் கடனாதான் கிடைச்சுது.

தண்டையார்பேட்டை_150

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சுட்டு இப்படி முடிவு பண்ணியிருக்கேன், சரியான்னு சொல்லுங்க. கோன் செட்டையும் டிஸ்க் பேடையும் டி.எச். ரோடு கடையில பில்லோட வாங்கறேன். ரெண்டுமே உயிர் சம்பந்தப்பட்டது, பொருளைக் கையில எடுத்துப் பார்த்து வாங்கணும். செயின் செட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு மெக்கானிக் சொல்றார். அதை பார்ட் நம்பர் வச்சு, விற்பவர் பேரைப் பார்த்து ஆன்லைன்ல போட்டு, மாட்டறதுக்கு முன்னாடி அவர்கிட்ட காட்டறேன். அவர் பார்த்துச் சரின்னா மாட்டறதா ஒத்துக்கிட்டார், லேபர் கொஞ்சம் கூடக் கேட்டார். அது நியாயம்னுதான் எனக்கும் தோணுது.

டிஎச்ரோடு_கவுண்டர்

லேபர் கூடக் கேட்டது சரிதான் ப்ரோ, பொருள்ல அவருக்கு எதுவும் நிக்கலையே. செயின் செட் வந்ததும் நீங்களே பார்க்க வேண்டியது: லிங்க் தகட்டுல கம்பெனி பேர் தெளிவாப் பொறிச்சிருக்கான்னு பாருங்க, சில டூப்ளிகேட்ல எழுத்து மங்கலா இருக்கும். ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கையைப் பழையதோட எண்ணிப் பாருங்க. செயின் மட்டும் புதுசு, ஸ்ப்ராக்கெட் பழசுன்னு மட்டும் போடாதீங்க. கொக்கி விழுந்த பல்லு புதுச் செயினையும் சீக்கிரம் தின்னுடும்.

கொடுங்கையூர் அக்கா, உங்களுக்கு ரோலர் செட் எப்பவாவது தேவைப்பட்டா டி.எச். ரோடு பக்கம் வாங்க. எங்க கடை முதலாளிகிட்ட இந்தப் பேச்சைக் காட்டினேன். கவுண்டர்ல ஆர்சி காட்டினா சேசிஸ் நம்பர் போட்டுப் பார்த்துச் சொல்லணும், யார் வந்தாலும் அப்படியேதான்னு எங்ககிட்ட சொல்லியிருக்கார்.

கொடுங்கையூர்_ஜூபிடர்

முதலாளிகிட்ட காட்டினீங்களா, நல்லது தம்பி. ஒரு தடவை வந்து பார்க்கறேன். பில் இல்லன்னா திரும்பிடுவேன், இப்பவே சொல்லிடறேன். பெல்ட் மாதிரி நம்பர் தெரிஞ்ச பொருளை நான் தொடர்ந்து கம்பெனி பக்கத்துலதான் வாங்குவேன். பேட்டரியும் டயரும் மட்டும் கடையில வாங்கலாம்னு இருக்கேன். பழைய பேட்டரிக்கு விலை கழிச்சுக்கறாங்க, வாரன்டி கார்டுல அங்கேயே சீல் போட்டுத் தர்றாங்க. டயர்ல கடைசி நாலு எண் பார்த்து வாங்கணும்னு படிச்சேன், சரிதானே?

மணலி_மெக்கானிக்

சரிதான் சிஸ்டர். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2325ன்னா 2025ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ரொம்ப நாள் வெயில்ல அடுக்கி வச்சிருந்த டயரா இருந்தா எண் புதுசா இருந்தாலும் பக்கவாட்டுல சின்னச் சின்ன வெடிப்பு தெரியும், அதையும் பாருங்க.

தண்டையார்பேட்டை தம்பி, கோன் செட் மாட்டின அப்புறம் ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப ஒரு தடவை காட்டு. புதுக் கப்பு உட்கார்ந்து கொஞ்சம் லூஸ் ஆகும், டைட் பார்த்து வைக்கணும். புது டிஸ்க் பேடுக்கு முதல் சில நாள் திடீர் பிரேக் போடாம, மெதுவா அழுத்தி அழுத்தி ஓட்டு. டிஸ்க்குல ஆயில் கை படக் கூடாது. செயின் மாட்டறப்ப, ரெண்டு முனையையும் சேர்க்கற லாக் கிளிப்போட மூடின முனை செயின் ஓடற பக்கம் பார்த்து இருக்கான்னு நீயே குனிஞ்சு ஒரு தடவை பார்த்துடு.